என் கேமராவுக்கு எத்தனை முறை வரி?

திருப்பூரில் ஜிஎஸ்டி கட்டி வாங்கிய கேமரா அது. பின்னலாடை மாதிரிகளைப் படமெடுத்தே லென்ஸ் வளையத்தின் ரப்பர் வெளுத்துவிட்டது. தோளில் மாட்டும் வாரில் பஞ்சுத்தூசி அப்பிக் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய்த் திரும்பினால், விமான நிலையச் சுங்க அதிகாரிகள் "பில் எங்கே சார்?" என்கிறார்கள். இத்தனை வருடம் புழங்கிய பொருளின் பில்லை யார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவார்கள்? புறப்படும்போதே கேமராவின் வரிசை எண்ணைச் சுங்கத்தில் காட்டி, இங்கிருந்து கொண்டுபோன பொருள்தான் என்பதற்கு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டுமாம். டிக்கெட்டில் சொன்னார்களா? கவுன்ட்டரில் சொன்னார்களா? மடிக்கணினி ஒன்றுக்கு வரி இல்லை, கேமரா மட்டும் என்ன பாவம் செய்தது? வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பைத் தாண்டிய மதிப்புக்கு 38.5 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். வயிறு எரிகிறது! பெட்டியும் கையுமாக ஆர்டர் பிடிக்கப் பறக்கும் எங்கள் ஊர்க்காரர்கள், சொந்தப் பொருளைச் சொந்தம் என்று நிரூபிக்க ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டுமா?