மனித வளர்ச்சிப் பாடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்

உளவியல் படிக்க வரும் பலருக்கும் கவுன்சிலிங் மேல்தான் கண். அதற்கு முன்னால் வரும், பிறப்பு முதல் முதுமை வரை மனிதர் எப்படி மாறுகிறார் என்று சொல்லும் மனித வளர்ச்சிப் பாடத்தை, வளர்ச்சியை நிலைகளாகப் பிரித்துக் காட்டிய உளவியலாளர்களில் பியாஜேக்கு நான்கு நிலை, எரிக்சனுக்கு எட்டு நிலை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து, தேர்வோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. எதிரில் ஒரு மனிதர் வந்து உட்காரும்போது முதலில் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.

நான்கு வயதுக் குழந்தை. தாத்தா இறந்துவிட்டார். குழந்தை அழவில்லை, விளையாடுகிறது, நடுநடுவே "தாத்தா எப்ப வருவாரு?" என்று கேட்கிறது. வீட்டில் பதறுகிறார்கள். ஆனால் இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடுகிறது. இதைப் படித்தவர், "தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள், அப்புறம் குழந்தை தூங்கவே பயப்படலாம். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார் என்று எளிமையாகச் சொல்லுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்கள்" என்பார். படிக்காதவர் குழந்தையிடம் கோளாறு தேடுவார்.

பதினான்கு வயதுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்வதும் இப்படித்தான். அது வயதின் இயல்பா, மனச்சோர்வா? இயல்பு எது என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது?

1920 வாக்கில் பாரிசில் குழந்தைகளின் அறிவுத்திறன் சோதனைகளில் வேலை பார்த்த பியாஜேயை, சரியான விடைகளைவிடத் தவறான விடைகள்தான் ஈர்த்தன. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய ஆய்வே வளர்ந்தது. கவுன்சிலிங்குக்கும் அதே காது வேண்டும். கவுன்சிலிங் முன்னோடியான கார்ல் ரோஜர்ஸும் பேராசிரியர் ஆவதற்கு முன் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகளோடு வேலை பார்த்தவர். அப்புறம்தான் கவுன்சிலிங் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, மாணவர்களோடு உட்கார்ந்து கேட்கும் வழியைக் கொண்டுவந்தார்.

வகுப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது முதுமை. பாடத்திட்டத்தின் கடைசியில் இருப்பதால் நேரம் போதாமல் ஓடிவிடுகிறது. முதியவர் பழங்கதையையே திரும்பத் திரும்பச் சொன்னால் மூளை தளர்கிறது என்று நினைத்த காலத்தில், அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான வேலை என்று 1963-இல் எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். இதைப் படிக்காமல் எழுபது வயதுக்காரருக்கு எப்படிக் காதுகொடுப்பது?

கவுன்சிலிங் பயிற்சியை இறுதியாண்டுக்கு ஒத்திவைக்காதீர்கள் என்று துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாண்டிலேயே மாணவர்களைக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் உட்காரவைத்து, கேட்டதை எழுதிவரச் சொல்லுங்கள். ஆலோசனை சொல்லும் வேலை அப்போது வேண்டாம், கேட்டு வந்தாலே போதும். அதை வளர்ச்சிப் பாடம் எடுப்பவரும் கவுன்சிலிங் எடுப்பவரும் சேர்ந்து படித்துத் திருத்தட்டும்.