"சம்பளத்துக்கு வைத்த மாமி" என்று சிரித்தவர்களுக்கு

மிளகாய்த்தூளும், பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும் விற்கிற சிறு தொழில் என்னுடையது. போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த சிறுதொழில் முயற்சியாளர் சந்திப்பில், என்னிடம் கணக்குக் கேட்கவும் சேர்த்தே ஓர் உதவியாளருக்குக் காசு கொடுக்கிறேன் என்றேன். அதற்கு ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னதை நான் இங்கே முழுதாகத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தச் சின்னக் காணொளி கிழமை முழுவதும் உங்கள் வட்ஸ்அப்பில் சுற்றியது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். "வீட்டில மாமி கேக்கிறது காணாதெண்டு, காசு குடுத்து இன்னொரு மாமியை வைச்சிருக்கிறா தங்கச்சி" என்றார். மண்டபம் சிரித்தது. அந்த நேரத்தில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நெஞ்சு அடைத்தது.

கிளிநொச்சியில் தன் வீட்டிலிருந்தே எனக்கு நாளுக்கு மூன்று மணித்தியாலம் வேலை செய்கிற ஒரு பிள்ளை இருக்கிறார். பத்திரிகைகள் மெய்நிகர் உதவியாளர் என்று எழுதுகின்றன, எங்கள் பெடியள் வீஏ என்கிறார்கள். ஓடர்களைப் பதிவது, குரியருடன் பேசுவது, பற்றுச்சீட்டு அனுப்புவது எல்லாம் அவர்தான். இவற்றுக்காக ஆள் வைத்ததை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவர் என்னை அழைத்து, போன கிழமை செய்வேன் என்று நான் சொன்னவற்றில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கேட்பதற்கும் சேர்த்தே நான் காசு கொடுக்கிறேன் என்று சொன்னதைத்தான் பகிடி பண்ணினார்கள். ஆனால் அவர் செய்கிற வேலைகளில் எனக்கு மிகவும் பெறுமதியானது அந்தப் பத்து நிமிடந்தான். தனக்குத் தானே முதலாளியாக இருக்கிற ஆளிடம் கணக்குக் கேட்க இன்னொருவர் வேண்டும். இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஏன் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்க ஆளில்லாமல் இருந்த காலத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் இருக்கிற ஓர் அக்கா, தன் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் படைக்கப் பனாட்டும் வேப்பம்பூ வடகமும் கேட்டிருந்தார். அங்கே காலை விடிகிறபோது இங்கே பொழுது பட்டுவிடும். அப்படி ஒரு மாலையில், அடுப்படியில் நின்றபடியே, "நாளைக்கு அனுப்பிறன் அக்கா" என்று குரல் பதிவு போட்டேன். பிறகு மறந்துவிட்டேன். திவசத்துக்கு இரண்டு நாள் இருக்க அவர் கேட்டபோது, கட்டிய பார்சல் முகவரி எழுதாமல் மேசையின் கீழே கிடந்தது. அவர் ஏசவில்லை. "பரவாயில்லை தங்கச்சி, அம்மாக்குப் பனாட்டு எண்டால் உயிர், அதுதான் கேட்டனான்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அன்று எனக்குத் தொழிலில் திறமை குறைவாக இருக்கவில்லை, பொருளும் கையில் இருந்தது. "நேற்றுச் சொன்னீங்கள், அனுப்பிட்டீங்களோ?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கவில்லை.

2022 இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியில், எல்லாச் சாட்டும் உண்மையாக இருந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மிளகாயை வறுத்துக்கொண்டு மில்லுக்குப் போனால் மில் பூட்டிக் கிடந்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. அந்த நாட்களில் "பார்ப்பம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு மின்வெட்டு நின்ற பிறகும் நான் "பார்ப்பம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல, அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தப் பிள்ளை வந்து முதல் மாதத்திலேயே கூகிள் சீற் என்ற இணையக் கணக்குத் தாளில் புதிதாக ஒரு நிரலைத் திறந்து, நான் என்ன சொல்கிறேனோ அதை அப்படியே எழுதத் தொடங்கினார். விலைக் கணக்கை மீண்டும் போடுவது என்ற ஒரே வரிக்கு நேரே "பார்ப்பம்" என்ற சொல் பதினொரு கிழமைக்கு வரிசையாக இருந்தது. அவர் அதற்கு ஒரு நிறமும் பூசவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவுமில்லை. அதைக் கண்ட அன்றிரவே உட்கார்ந்து செத்தல் மிளகாய், மல்லி, மில் கூலி, பைக்கற், குரியர் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். அரைக் கிலோ தூளை, பைக்கற்றுக்கு 70 ரூபா என் கையிலிருந்து போட்டு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். பதினொரு கிழமை!

இன்னொன்றையும் கூச்சத்தோடு எழுதுகிறேன். என்னிடம் வறுக்கிற, பொதி கட்டுகிற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஓய்வுக்காலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது சட்டம்: அவர்களின் சம்பளத்தில் 8 வீதம், என் பங்காக 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அடுத்த மாதம் முடிவதற்குள். தெரிந்தும் இழுத்தடித்தேன். அந்தப் பெண்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள், எப்படிக் கேட்பார்கள்? கேட்டவர் கிளிநொச்சியில் இருக்கிற இந்தப் பிள்ளைதான். ஒவ்வொரு மாதமும் கேட்டார். இப்போது கட்டுகிறேன்.

மாமி என்று சொன்ன பெரியவருக்கு எங்கள் ஊர்க் கடைகளின் கணக்குப்பிள்ளையைத் தெரியாமல் இருக்காது. என் அப்பாவுக்குச் சுன்னாகத்தில் பலசரக்குக் கடை இருந்தது. அங்கே இருந்த கணக்குப்பிள்ளை அப்பாவை விட வயதில் குறைந்தவர். சனிக்கிழமை பின்னேரம் பேரேட்டைத் திறந்து வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முதலாளி, வியாழக்கிழமை லாச்சியில எடுத்த ஐந்நூறை எதில எழுத?" என்று கேட்பார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலைத் தட்டைப் பார்ப்பார். பிறகு சொல்லுவார். முதலாளியிடம் கேள்வி கேட்க முதலாளியே சம்பளம் கொடுத்தார். அதை ஊர் மரியாதையாகப் பார்த்தது. கணக்குப்பிள்ளை வைத்திருக்கிற கடை என்றால் நம்பிக் கடன் கொடுத்தார்கள். கேட்கிறவர் ஆணாக, வேட்டி கட்டி, கடைக்குள் இருந்தால் கணக்குப்பிள்ளை. பெண்ணாக, கணனிக்கு முன்னால், வீட்டில் இருந்தால் மாமியா?

"தன் கட்டுப்பாடு தனக்குள் இருக்க வேண்டும், கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தால் போதும்" என்று அந்தக் காணொளியைப் பகிர்ந்து அதன் கீழே சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் வைத்துப் பார்த்தேன். அலாரத்தை ஒரு விரலால் நிறுத்திவிடலாம். போன கிழமையும் இதையே சொன்னீர்கள் என்று அது சொல்லாது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதையும் சொல்லும் என்கிறீர்கள். சொல்லட்டும், ஒரு செயலிக்கு முன்னால் எனக்கு வெட்கம் வருவதில்லை. இரகசியம் வெளியே போகும் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார். வங்கிக் கடவுச்சொல்லை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரேயொரு கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. நீங்கள் சம்பளம் கொடுக்கிற ஆள் உங்களை எப்படித் துணிந்து கேட்பார், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவீர்களே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான். அந்தப் பிள்ளை இன்னும் இருவருக்கும் மணிக்கணக்கில் வேலை செய்து மாதமுடிவில் பில் அனுப்புகிறவர், என் காசை மட்டும் நம்பி இருப்பவர் அல்லர். ஆரம்பத்திலேயே கேள்வி கேட்பதும் வேலைதான் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் முதல் இரண்டு மாதம் அவருடைய குரல் நடுங்கியது. ஒரு திங்கட்கிழமை நானும் கோபத்தில் அழைப்பைத் துண்டித்தேன். அரை மணித்தியாலம் கழித்து நானே திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்டேன். எழுதிக் கொடுத்த கடதாசியால் வந்த துணிவல்ல அவருடைய துணிவு, அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு வந்தது. ஆகவே தம்பி, கேட்கிறவரைப் போலவே கேட்கப்படுகிறவரும் பழக வேண்டியிருக்கிறது. அதற்கு நாள் எடுக்கும்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் என் மீது விழுந்த சிரிப்பு என்று நினைக்காதீர்கள். அந்தக் காணொளி கிளிநொச்சிக்கும் போயிருக்கிறது. அவருடைய சித்தப்பா ஒருவர் அனுப்பி, "நீ செய்யிற வேலை இதுதானோ?" என்று கேட்டிருக்கிறார். பட்டப்படிப்பு முடித்து வேலைக்காகக் காத்திருந்து, வயதான தாயை விட்டுவிட்டு வர முடியாமல், வீட்டிலிருந்தே உழைத்துத் தாயின் மருந்தையும் பார்க்கிற பிள்ளை அவர். வியாழக்கிழமை இரவு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "அக்கா, இனி நான் திங்கட்கிழமையில கேக்கட்டோ, விடட்டோ?"

அந்தப் பெரியவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். என்னிடம் பேசத் தேவையில்லை.

"கேளும்" என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை. போன கிழமை சொன்ன நான்கில் இரண்டை நான் இன்னும் முடிக்கவில்லை. எட்டரைக்கு முன்னர் அதில் ஒன்றையாவது முடிக்க வேண்டும்.