முதலில் நிலா, அதற்குக் காரணம் ஒரு பம்ப்

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் கருவியின் பம்ப் ஒன்று பழுதடைந்தது. மாற்று பம்ப் பூமியில்தான் இருந்தது. சில நாள்களில் புறப்படவிருந்த ஸ்டார்லைனர் விண்கலத்தில் அதற்கு இடம் ஒதுக்குவதற்காக, சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரின் உடைப் பெட்டிகளும் இறக்கி வைக்கப்பட்டன. ஜூன் 5ஆம் தேதி கிளம்பிய கலம் மறுநாளே பம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. (எட்டு நாள் தங்கப் போனவர்கள் ஒன்பது மாதம் கழித்துத் திரும்பியதும், அதுவரை மாற்றுடைக்கு என்ன செய்தார்கள் என்பதும் தனிக்கதை.)

மனிதர்கள் அடுத்துக் கால்பதிக்க வேண்டியது நிலாவிலா செவ்வாயிலா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பம்ப்தான் நினைவுக்கு வருகிறது. விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், அதாவது மூன்று நாள் பயணத்தில் இருக்கிறது. செவ்வாயோ மிக நெருங்கி வரும்போதே சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது; கிளம்புவதற்கு ஏற்ற காலம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கும்; கிளம்பிய பின்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் போக வேண்டும். அந்தக் காலம் கடந்த மறுவாரம் அங்கே ஒரு பம்ப் நின்றுபோனால், மாற்று வந்துசேர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். அதுவரை சிறுநீரைப் பைகளில் சேமித்துச் சமாளிக்க முடியாது.

ஆகவே, முதலில் நிலா என்பதே என் நிலைப்பாடு. நிலா அழகானது என்பதற்காகவோ, அங்கே கொள்ளை கொள்ளையாகக் கனிமம் கிடைக்கும் என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. மனிதரை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரங்கள் பழுதானாலும் ஆள் பிழைத்து வரக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரே வேற்றுலகம் அதுதான்.

மறுதரப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிலா ஒரு வீண் சுற்றுவழி என்றும், செவ்வாயின் காற்றிலிருந்தே திரும்பி வருவதற்கான எரிபொருளைத் தயாரித்துக்கொள்ளலாம் என்றும் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் சூப்ரின் 1990 முதல் வாதாடி வருகிறார். நிலாவில் காற்றே இல்லை. எனவே செவ்வாயின் மெல்லிய காற்றில் கலத்தை வேகம் குறைத்து இறக்கும் வித்தையை அங்கே பழக முடியாது. நிலாவின் இரவு நம் கணக்கில் இரண்டு வாரம் நீள்வது. செவ்வாயின் நாளோ ஏறக்குறைய நம் நாளைப் போன்றது. இவை எல்லாம் உண்மை. ஆனால், அந்த எரிபொருளை எரிக்கத் தேவையான பிராணவாயுவைச் செவ்வாய்க் காற்றிலிருந்து எடுக்கும் முயற்சி எந்த அளவில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் சென்ற மாக்சி என்ற சிறு கருவி 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தமாக 122 கிராம் பிராணவாயு தயாரித்தது. சோதனை என்ற வகையில் அது முழு வெற்றி. ஆயினும், அந்த 122 கிராம் ஒரு மனிதருக்கு நான்கு மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

இயந்திரத்தை விட எனக்குப் பெரிய கவலை உடம்பைப் பற்றியது. ரஷ்ய வீரர் வலேரி போல்யகோவ் மிர் விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாள் இருந்து காட்டினார். அது எடையற்ற நிலை. குறைந்த ஈர்ப்பில், அதாவது நிலாவின் ஆறில் ஒரு பங்கிலோ செவ்வாயின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஈர்ப்பிலோ, எலும்பும் தசையும் இதயமும் நாளடைவில் என்ன ஆகும்? இதுவரை மனித குலத்துக்கு உள்ள அனுபவம், 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இன் இரு வீரர்கள் நிலாத் தரையில் கழித்த ஏறத்தாழ 75 மணி நேரத்தைத் தாண்டவில்லை. மூன்று நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு செவ்வாய்க்குப் போய்வரும் மூன்றாண்டுப் பயணத்துக்கு ஆள் அனுப்பத் துடிப்பதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிர்வீச்சு வேறு இருக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்ததன்படி, போய்வரும் பயணத்தில் மட்டுமே சுமார் 0.66 சீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) உடம்பில் ஏறும். நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்கும் வகுத்துள்ள வரம்பே 0.6 சீவர்ட்தான்.

தூசியும் ஒரு கவலைதான். அப்பல்லோ 17 வீரர் யூஜீன் செர்னனின் சுத்தியல் பட்டு நிலா ஊர்தியின் சக்கரக் காப்பு உடைந்தது. ஓடும்போதெல்லாம் தூசி மழையாகக் கொட்டியது. பூமியில் இருந்தவர்கள் இரவோடு இரவாக யோசித்துச் சொன்ன வழிப்படி, நான்கு வரைபடத் தாள்களை ஒட்டுநாடாவால் இணைத்து, விளக்கின் கவ்விகளால் பொருத்தி, மாற்றுக் காப்பு செய்துகொண்டார்கள். நிலாவுக்குக் குரல் போய்ச்சேர ஒன்றேகால் விநாடி ஆகும் என்பதால் அது உரையாடலாக நடந்தது. செவ்வாய் மிகத் தொலைவில் இருக்கையில் ஒரு கேள்விக்குப் பதில் வர 40 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

நிலாவில் நால்வர் தங்கும் ஒரு குடிலில், நீரும் காற்றும் மீண்டும் மீண்டும் சுழன்று, பூமியிலிருந்து ஓர் உதிரிப் பாகம்கூட அனுப்பப்படாமல் மூன்று ஆண்டு ஓடட்டும். அப்போது இதே பக்கத்தில், செவ்வாய்க்குக் கிளம்பலாம் என்று நானே எழுதுகிறேன்.