200 ரூபாய்க்கு மேடம், 80 ரூபாய்க்கு அக்கா

சனிக்கிழமை கொடைக்கானல் ரோட்டில் பெருமாள்மலை தாண்டி ஒரு பழக்கடைக்காரர், வெளியூர்க்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று பேரிக்காய் விற்றதை அன்று இரவே இங்கே எழுதியிருந்தேன். கோபத்தில் நாலு வரியில் எழுதியதாலோ என்னவோ, பாதிப் பேருக்கு நான் ஒரு கிலோ பேரிக்காய்க்குக் காசு கொடுக்க மனமில்லாமல் புலம்புவதாகத் தோன்றிவிட்டது. மூன்று நாளாகப் போனிலும் இன்பாக்ஸிலும் ஒரே அறிவுரை. "ஏழை வியாபாரிகிட்ட போயா பேரம் பேசுவ?"

நான் பேரமே பேசவில்லை. கடைக்காரர் 200 என்றார். பர்ஸைத் திறந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

முழுதாகச் சொல்கிறேன். அம்மாவைப் பூம்பாறை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஆடி மாதம் குழந்தை வேலப்பரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பெருமாள்மலை தாண்டியதும், "வண்டிய ஓரங்கட்டு, பேரி வாங்கணும்" என்றார். தார்ப்பாய்க்குக் கீழே பேரி, பட்டர்ஃப்ரூட், தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), மலைப்பூண்டு எல்லாம் அடுக்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் சென்னை வண்டியில் வந்த நாலு காலேஜ் பிள்ளைகள் 2 கிலோ பேரி வாங்கி 400 கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்தது நான். "கிலோ 200 மேடம். நாட்டுப் பேரி மேடம், ஊசியே போடாதது மேடம்." சரி என்று நோட்டை நீட்டினேன்.

அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் இறங்குவார். வந்து ஒரு காயை எடுத்தார், காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார், புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "ஏப்பா, இது பள்ளங்கிக் காயா, வில்பட்டிக் காயா?"

இரண்டும் கொடைக்கானலை ஒட்டிய ஊர்கள். தராசில் இருந்த கை அப்படியே நின்றது.

"அம்மா நீங்க இந்தப் பக்கமா?"

"பொறந்தது பூம்பாறை. வாக்கப்பட்டது இங்கன பெருமாள்மலைதான்."

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" இது என்னைப் பார்த்து. 120 ரூபாயைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் விலை 80 ஆகிவிட்டது, மேடம் அக்கா ஆகிவிட்டேன்.

அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமாம். ஒருத்தர் அப்படித்தான் எழுதியிருக்கிறார், "கொறைச்சுத்தான் குடுத்தார்ல, பெறகென்ன?" குறைத்துக் கொடுத்ததுதான் ஐயா பிரச்சினையே. 80க்குக் கட்டுப்படியாகிறது என்று அவர் வாயாலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த 120 எதற்கு? காருக்கா? என் கூலிங் கிளாஸுக்கா? மதுரை நம்பர் பிளேட்டுக்கா?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு காய்க்கு ஒரு விலை வையுங்கள். அது 80 ஆக இருந்தாலும் சரி, 200 ஆக இருந்தாலும் சரி, 300 என்றாலும் சரி. ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். முடிகிறவர் வாங்குவார், முடியாதவர் பார்த்துவிட்டுப் போவார். வண்டி நம்பரையும் செருப்பையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள்.

"தியேட்டர்ல பாப்கார்னுக்கு அள்ளிக் குடுக்குறீங்க, ரோட்டோரத்துல மட்டும் கணக்குப் பாக்குறீங்க" என்று வழக்கமான வசனம் வந்திருக்கிறது. இதை எத்தனை வருஷமாகத்தான் சொல்வீர்களோ. தியேட்டர் பாப்கார்ன் விலை அநியாயம்தான், நான் வாங்குவதும் இல்லை. ஆனால் அங்கே விலை பலகையில் இருக்கிறது. எனக்கு முன்னால் நிற்பவருக்கும் அதே விலை, பின்னால் நிற்பவருக்கும் அதே விலை. அந்தக் கவுண்டரில் இருக்கும் பையன் என் சட்டையைப் பார்த்து விலையை மாற்றுவதில்லை. அநியாயமாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். எம்.ஆர்.பி. என்பது பொட்டலமாக அடைத்து விற்கும் பொருளுக்குத்தான். 2009ஆம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அதைத்தான் சொல்கின்றன. கூடையில் கொட்டி வைத்த பழத்துக்கு என்ன விலை சொன்னாலும் குற்றம் இல்லை. ஆனால் எடை குறைந்தால் குற்றம். தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை இருக்க வேண்டும், நம் ஊரில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு கிலோவை வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். 830 கிராம். ஊர்க்காரியான பிறகும் 170 கிராம் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் வாங்கிப் போன 2 கிலோவில் எவ்வளவு இருந்திருக்குமோ.

விலை எழுதிப் போடுவது நடக்காத காரியம் என்கிறவர்கள் ஒரு தடவை உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணாநகரில்தான் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். தமிழ்நாட்டிலேயே முதலாவது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம், அன்றிலிருந்து இன்றுவரை அங்கேதான் காய் வாங்குகிறேன். காலையில் போனதும் பலகையில் தக்காளி இவ்வளவு, வெண்டை இவ்வளவு என்று எழுதியிருக்கும். அங்கே விற்பவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை. விடிவதற்குள் மூட்டையோடு பஸ் ஏறி வருகிறவர்கள். அவர்களால் முடிகிறது. விலை எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மலைப்பூண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், விட்டால் மனசு ஆறாது. அதே கடையில் கிலோ 600 என்று பூண்டு இருந்தது. அம்மா ஒரு பல்லை நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகுதான், "அது நம்ம பூண்டு இல்ல பாப்பா" என்றார். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலையில் படிப்படியாக வெட்டிய வயலில் விளைவது மலைப்பூண்டு. அம்மா பிறந்த வீட்டில் அதைத் தாளோடு கட்டி அடுப்படிக்கு மேலே தொங்க விடுவார்கள். புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகிவிடும், மாசக்கணக்கில் கெடாது. உரித்தால் நகக்கண் காந்தும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா அந்தப் பேப்பரைக் கத்தரித்து பீரோவில் வைத்தார். அப்படி ஒரு பெயர் வாங்கிய பொருளின் பக்கத்தில் எங்கிருந்தோ லாரியில் வந்த வெள்ளைப் பூண்டைக் கொட்டி, அதே பெயரைச் சொல்லி விற்றால், நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டுமா? கவுஞ்சியில் மழையில் நனைந்து பூண்டு எடுத்து வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை அனுப்புகிறாரே ஒரு விவசாயி, அவருடைய பெயர் அல்லவா கெடுகிறது?

"சீசனே ரெண்டு மாசம்தான், மழை வேற, குரங்கு வேற, இ-பாஸ் வந்தப்புறம் வண்டியும் கொறைஞ்சு போச்சு, அவங்களும் பொழைக்க வேணாமா" என்று ஒரு தம்பி நியாயமாகவே கேட்டிருந்தார். பிழைக்கட்டும் தம்பி. 2024 மே 7லிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது. நான் பிறந்த ஊருக்குப் போக நானே போனில் பாஸ் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆனால் கூட்டம் குறைந்ததற்கு வந்த ஒருத்தர் தலையில் மொத்தத்தையும் கட்டலாமா? அடுத்த தடவை அவர் நிறுத்துவாரா? அடிவாரத்தில் வத்தலக்குண்டிலேயே வாங்கிக்கொண்டு மலை ஏறுவார்.

அப்புறம் இன்னொன்று. நாம் கூடக் கொடுக்கிற காசு தோட்டக்காரருக்குப் போகிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. என் மாமாவுக்கு வில்பட்டிப் பக்கம் கொஞ்சம் பேரி மரம் இருக்கிறது. பூ பூத்ததுமே வியாபாரி வந்து மரத்தோடு விலை பேசிவிடுவார். ஆள் கூலி, காவல், ஏறிப் பறிக்கிற செலவு எதையும் மாமாவால் தாங்க முடியாது என்பதால் சரி என்றுவிடுவார். ரோட்டில் 200க்குப் போனாலும் 80க்குப் போனாலும் மாமாவுக்குக் கிடைத்தது கிடைத்ததுதான். போன வருஷம் நாலு மரத்தை வெட்டிவிட்டார். ஏன் மாமா என்றேன். "காய்க்குது, கட்டல" என்றார்.

"உனக்கென்ன தெரியும், மதுரைல ஏசி ரூம்ல ஒக்காந்து பேசுற" என்று எழுதியவருக்குத்தான் அடுத்தது. பெயர் சொல்ல விருப்பம் இல்லை, தெரிந்தவர்தான், அதனால்தான் கூடுதலாக வலித்தது.

என் அம்மா வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் கூடை வைத்துப் பேரி விற்றவர். எண்பதுகளில், அப்பா இறந்த பிறகு. தராசு வாங்க வசதி இல்லை, கூறு போட்டுத்தான் விற்பார். கூறுக்கு அஞ்சு காய், ஒரு ரூபாய், கேட்டால் ஒரு கொசுறு. ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்கூல் டூர் பஸ் வந்தால் எழுந்து ஓடுவார். சனி ஞாயிறில் நானும் கூடப் போவேன். பத்து வயசு இருக்கும். ஒரு நாள் அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம், வெள்ளைக் காரில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா கட்டியிருந்த பட்டுப்புடவையைப் பார்த்துவிட்டு நான் கூறு மூணு ரூபாய் என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அம்மா வந்ததும் பெருமையாகக் காசை நீட்டினேன். அவர் என்னை அடிக்கவில்லை. இரண்டு கூறு காயை என் பாவாடையில் கட்டி, "போ, குடுத்துட்டு வா. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு" என்றார். அருவிக்கு எதிரே அத்தனை பேர் பார்க்க அந்தக் காருக்குப் போய்க் கொடுத்தேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

சாயங்காலம் காய் மிஞ்சினால் அம்மாவும் குறைத்துக் கொடுப்பார். ஆறு காய், ஏழு காய் கூட வைப்பார். ஆனால் ஒரே நேரத்தில் ரெண்டு பேருக்கு ரெண்டு விலை சொல்லி நான் பார்த்ததில்லை. வறுமை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கூடைக் காசில்தான் நான் படித்தேன். ஏழை என்றாலே ஏமாற்றத்தான் செய்வார்கள், அதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று பரிந்து பேசுகிறீர்களே, அது அந்த ரோட்டில் நேர்மையாக விற்கிற அத்தனை பேரையும் கேவலப்படுத்துவது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

டூரிஸ்ட்டுகள் எல்லாம் யோக்கியமா என்றால், இல்லை. கேரட்டைப் பிடுங்கிக் கடித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களையும், தாட்பூட் பழத்தைக் குடித்துவிட்டுத் தோலை ரோட்டில் எறிகிறவர்களையும், பத்து ரூபாய்க்காக வயசானவரை வாடி போடி என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். அவர்கள் கேவலமாக நடந்துகொள்வதற்கு அந்த நாலு பிள்ளைகள் ஏன் 240 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும்?

அந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் கேட்டது நான் இல்லை, அம்மாதான். கடைக்காரர் 120ஐத் திருப்பிக் கொடுத்ததும், அம்மா, "அப்ப இப்பப் போச்சே அந்தப் பிள்ளைங்க? அதுகளைக் கூப்பிட்டுக் குடுப்பா" என்றார். "அவங்க வெளியூருங்கம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அம்மா சிரிக்கவில்லை. திரும்பி, வளைவில் அந்த வண்டி தெரிகிறதா என்று பார்த்தார். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

காரில் ஏறியதும், "எனக்குக் கொறைக்கச் சொல்லி நான் ஒண்ணும் கேக்கலயே" என்றார். அதற்கப்புறம் பூம்பாறை வரைக்கும் பேசவில்லை. பூண்டு வயலைப் பார்த்தாலே ஜன்னலை இறக்கச் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை. இன்று மூன்றாம் நாள். பேரிக்காய் சமையலறையில் அப்படியே இருக்கிறது, ஒன்றைக்கூட அவர் நறுக்கவில்லை. நான் நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தேன், எனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

ஆவணியில் மறுபடி போகிறோம். சிலேட்டு நாலும் ஒரு டப்பா சாக்பீஸும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தக் கடையிலும் நிறுத்துவேன். என்ன விலை வேண்டுமானாலும் அவரே எழுதிக்கொள்ளட்டும்.