சின்ன கேம்பஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ்: சேர்க்கும் முன் கேட்க வேண்டியதும், சேர்ந்த பின் செய்ய வேண்டியதும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நெல்லை வண்ணார்பேட்டை ஓட்டல் ஹால்களில் வெளிநாட்டுப் படிப்பு முகாம்கள் தொடங்கிவிடும். மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர், கோவில்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஃபைலும் கையுமாகப் பெற்றோர் வருவார்கள். லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ நேரே அனுப்பக் காசு கட்டாது, அதே மாதிரிப் பல்கலைக்கழகம் துபாயிலோ மலேசியாவிலோ நடத்தும் கிளை வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாமா என்பதுதான் இப்போது பலர் கேட்கும் கேள்வி.

தாராளமாகச் சேர்க்கலாம் அண்ணாச்சி. ஆனால் போர்டில் இருக்கிற பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்தால் கட்டுகிற காசுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. சின்ன வளாகத்தில் பெரிய நூலகமோ பெரிய ஆய்வுக்கூடமோ இருக்காது. அங்கே கிடைக்கிற பெரிய சொத்து, பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பிள்ளை எழுதிய புரோகிராமைப் பார்ப்பார் என்பதுதான். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளை நன்றாக வரும். கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு நல்ல பொறியியல் கல்லூரி போதும்.

இந்த வளாகங்கள் ஒன்றும் நேற்று முளைத்தவை இல்லை. நாட்டிங்காம் 2000-லேயே மலேசியாவுக்கு வந்துவிட்டது. கார்னகி மெலன் 2004 முதல் தோஹாவில் நடத்துகிறது. ஹெரியட்-வாட் 2005-லும் பர்மிங்காம் 2018-லும் துபாயில் தொடங்கின. நம்ம சென்னை ஐ.ஐ.டி.யே 2023-ல் சான்சிபாரில் ஒரு வளாகம் திறந்தது. சவுத்தாம்ப்டன் 2025-ல் குருகிராமுக்கே வந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறது.

முதலில் ஒரு பெரிய தப்புக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்திலோ துபாய் வளாகத்திலோ முழுப் படிப்பையும் முடித்தால் பட்டம் பிரிட்டிஷ் பட்டம்தான். ஆனால் படித்து முடித்த பின் பிரிட்டனில் தங்கி வேலை தேடக் கொடுக்கும் கிராஜுவேட் விசா கிடைக்காது. அந்த நாட்டு மண்ணில் படித்தவர்களுக்குத்தான் அது. ஆஸ்திரேலியாவுக்கும் இதே கதைதான். "பட்டம் ஒன்றுதானே" என்று முகாமில் சொல்வது உண்மை. அதோடு விசாவும் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஒரு வருஷம் தாய் வளாகத்துக்கு மாறிப் படிக்கும் வசதி உண்டா, அதற்கு எத்தனை மதிப்பெண் வேண்டும், அந்த வருஷக் கட்டணம் எந்த ஊர்க் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள். வளாகம் இருக்கும் நாட்டிலும் தாய்ப் பல்கலைக்கழகம் இருக்கும் நாட்டிலும் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கிடுங்க. யு.ஜி.சி. 2023-ல் கொண்டுவந்த விதிப்படி இந்தியாவிலேயே நடக்கும் வெளிநாட்டு வளாகப் பட்டத்துக்கு, இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் தனி இணைச்சான்று தேவையில்லை. வெளியே வாங்கும் பட்டத்துக்கு, இங்கே அரசு வேலை, மேல்படிப்பு என்று வரும்போது தேவைப்படும். அதற்கான விதிகளை யு.ஜி.சி. 2025-ல் தனியாக வெளியிட்டிருக்கிறது.

அடுத்தது பாடப்பட்டியல். கையேட்டில் இருக்கும் பட்டியலைப் பார்க்காதீர்கள். போன வருஷம் அந்த வளாகத்தில் உண்மையில் நடந்த வகுப்புகளின் டைம்டேபிளைக் கேளுங்கள். காரணம் இதுதான்: ஒரு பேட்சில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வருஷம் விருப்பப் பாடம் எடுக்கும்போது பாதிப் பேர் மெஷின் லேர்னிங் பக்கம் ஓடிவிடுவார்கள். கம்பைலர், கிராபிக்ஸ், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடங்களுக்கு நாலைந்து பேர் மிஞ்சுவார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை வராவிட்டால் அந்தப் பாடத்தை அந்த வருஷம் நடத்த மாட்டார்கள். மூன்று வருஷப் படிப்பில் "அடுத்த வருஷம் நடத்துவோம்" என்றால் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடையாது என்றே பொருள். கட்டாயப் பாடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரே பாடம் இரண்டு செமஸ்டரிலும் ஓடும். சின்ன வளாகத்தில் வருஷத்துக்கு ஒரு முறைதான். டேட்டா ஸ்ட்ரக்சரில் ஒருமுறை தவறினால், அதை அடிப்படையாகக் கொண்ட அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும்.

கூடவே இன்னொரு கேள்வி: வகுப்பெடுப்பவர் அந்த ஊரிலேயே இருப்பவரா, தாய் வளாகத்திலிருந்து இரண்டு வாரம் பறந்து வந்து மொத்தமாகப் பாடம் எடுத்துவிட்டுப் போகிறவரா? பின்னவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் நவம்பர் மாதம் அசைன்மென்ட் உடைந்து நிற்கும்போது அவர் ஊரில் இருக்க மாட்டார். சின்ன வளாகத்தைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கமே அங்கே போய்விடும்.

பக்கத்தில் ஆள் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். முதல் வருஷம் சி மொழியில் ஒரு வார்த்தையைப் பிரதி எடுக்கும் ஃபங்ஷன் எழுதச் சொல்வார்கள். பையன் வார்த்தையின் நீளத்தை எண்ணி, அத்தனை பைட் இடத்தை மேலாக் (malloc) என்ற மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன் மூலம் வாங்கி, எழுத்துகளைப் போட்டுவிடுவான். வார்த்தை முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் பூஜ்ய பைட்டுக்கு ஒரு இடம் கூடுதலாக வாங்க மறந்திருப்பான். அவன் லேப்டாப்பில் நன்றாக ஓடும். பத்து எழுத்து வார்த்தை, பதினைந்து எழுத்து வார்த்தை, எல்லாம் சரியாக வரும். அசைன்மென்டை ஏற்றியதும், தானாகத் திருத்தும் ஆட்டோகிரேடர் மென்பொருள் ஃபெயில் காட்டும். "என் மெஷினில் ஓடுதே" என்று அவன் சண்டைக்கு நிற்பான்.

நடந்தது என்னவென்றால், 64 பிட் லினக்ஸில் பத்து பைட் கேட்டாலும் மேலாக் உள்ளுக்குள் 24 பைட் வரை இடம் ஒதுக்கித்தான் தரும். அதனால் பதினோராவது பைட்டில் எழுதினாலும் யாருக்கும் வலிக்காது. சரியாக 24 எழுத்து வார்த்தை வரும்போது 25-ஆவது பைட்டில் போய் விழும் பூஜ்யம், அடுத்த துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தை அழித்துவிடும். புரோகிராம் அங்கேயே விழாது. பின்னால் எங்கோ, வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது (ஃப்ரீ) விழும். மெமரிப் பிழையைப் பிடிக்கும் கருவிகளான வால்கிரைண்ட் அல்லது அட்ரஸ் சானிடைசர் போட்டு ஓட்டினால் பத்து எழுத்து வார்த்தையிலேயே வரி எண்ணோடு பிடித்துக் கொடுத்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி. பேராசிரியர் அறையில் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக மெமரியை வரையச் சொல்லி, "கடைசி எழுத்து எந்தக் கட்டத்தில்? அடுத்த கட்டம் யாருடையது?" என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளை வாயாலேயே வரவழைத்தால் ஆயுசுக்கும் மறக்காது. இருபது நிமிஷ வேலை. இருநூறு பேர் வகுப்பில் இந்த இருபது நிமிஷம் எல்லாருக்கும் கிடைக்காது.

இதற்காகத்தான் ஆபீஸ் ஹவர்ஸ் என்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே போவதில்லை. சந்தேகம் கேட்டால் மக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் பள்ளிக்கூடத்திலேயே ஊறிப்போனது. சும்மா "புரியல சார்" என்று போகாமல், பிழை வரும் மிகச்சிறிய இன்புட், வந்த விடை, வர வேண்டிய விடை, இதுவரை மாற்றிப் பார்த்தவை, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாதி நேரம் எழுதும்போதே பிழை தெரிந்துவிடும். இப்படி விடாமல் வரும் பிள்ளையைத்தான் இரண்டாம் வருஷம் டீச்சிங் அசிஸ்டென்டாகக் கூப்பிடுவார்கள், கோடை விடுமுறையில் ஆய்வு வேலையில் சேர்த்துக்கொள்வார்கள், மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதமும் பெயர் தெரிந்து எழுதுவார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். பிளஸ் டூவில் 95 சதவீதம் எடுத்த பிள்ளை 65 வாங்கி வந்தால் வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள். பிரிட்டிஷ் முறையில் பாஸுக்கு 40, முதல் வகுப்புக்கு 70. 60 தாண்டினாலே மேல் இரண்டாம் வகுப்பு. நல்ல மாஸ்டர்ஸ் படிப்புகள் பலவும் கேட்பது அதைத்தான். உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று.  முதல் வருஷம் பெரும்பாலும் தேறினால் போதும், இறுதி வகுப்புக் கணக்கில் சேராது. இதைச் சீனியர்கள் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் முதல் வருஷத்தைக் கோட்டைவிடுவார்கள். முதல் வருஷத்தில்தான் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது), பாயின்டர், டிஸ்கிரீட் மேத்ஸ் எல்லாம். அது இல்லாமல் இரண்டாம் வருஷம் எதுவும் நிற்காது.

காப்பி அடிப்பது பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நம்ம ஊரில் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவது யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. அங்கே அது ஒழுங்கு நடவடிக்கை. ஸ்டான்ஃபோர்ட் நடத்தும் மாஸ் (MOSS) போன்ற, காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் வேரியபிளின் பெயரை மாற்றினாலும் கமென்டை அழித்தாலும் ஏமாறாது. அவை புரோகிராமின் அமைப்பை ஒப்பிடுகின்றன. முப்பது பேர் வகுப்பில் யார் கை எது என்று ஆசிரியருக்கே தெரியும். ஏ.ஐ. எழுதித் தந்த புரோகிராமைக் கொடுத்தால், "இந்த வரி எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். முதல் இரண்டு வருஷமாவது கையால் எழுதியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பணம். சேமிப்பிலிருந்து அனுப்புவதாக இருந்தால் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி அனுப்பும்போதே டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிக்கும். வங்கிக் கல்விக்கடன் வழியாகப் போனால் 2025 ஏப்ரலிலிருந்து அது கிடையாது. மாமாவிடம் கைமாற்று வாங்கி அனுப்புவது கல்விக்கடனில் சேராது. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைக் கடன் வாங்கும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் கடைசியில் மலைக்க வேண்டாம். "படிச்சுக்கிட்டே வேலை பார்த்து ஃபீஸ் கட்டிடுவான்" என்ற கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு வருவோம். இங்கே பொறியியல் கல்லூரியில் நாலாம் வருஷம் கம்பெனி வாசலுக்கு வரும், வரிசையில் நின்று எழுதலாம். சின்ன வளாகத்தில் அப்படி ஒரு திருவிழாவை எதிர்பார்க்க முடியாது. இன்டர்ன்ஷிப்பைப் பிள்ளைதான் தேட வேண்டும், அதுவும் இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே. புரோகிராம்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருபது அரைகுறை புராஜெக்ட் வைப்பதைவிட, புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்டும் எழுதி, அடுத்தவர் டவுன்லோடு செய்து ஓட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு போதும். ஊர்ப் பக்கத்திலேயே தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கிற நிறுவனம் அது. வெளிநாட்டுப் பெயர் போட்ட பட்டத்தை மட்டும் காட்டி அங்கே உள்ளே போய்விட முடியாது.

ரிசல்ட்டுக்கும் கிளம்புவதற்கும் நடுவே இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். நம்ம ஸ்டேட் போர்டுப் பாடத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது; அடிப்படை மோசமில்லை. பிராக்டிகலுக்கு மனப்பாடம் செய்த புரோகிராம்களை மூடி வைத்துவிட்டு, அதே கணக்குகளை வெற்றுத் திரையில் திரும்ப எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் லினக்ஸ் வகையான உபுண்டு போட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் வேலை செய்து பழகட்டும். மெமரி 16 ஜி.பி. இருந்தால் நாலு வருஷம் தாங்கும். கணக்கில், விடை கண்டுபிடிப்பதைக் குறைத்துவிட்டு நிரூபணம் எழுதப் பழகட்டும், குறிப்பாகக் கணிதத் தொகுத்தறிதல். ரிகர்ஷன் புரியாத பிள்ளைகளில் பலருக்கு அடியில் கிடப்பது இதுதான்.

கடைசியாக, ஏஜென்ட் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. நம்மவர்களுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. மார்க் ஷீட்டில் எஸ். இசக்கிமுத்து என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இசக்கிமுத்து சுடலைமுத்து என்று வரும். ஆதாரில் வேறு மாதிரி. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் விசாவிலும் இழுக்கும், மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தில் எந்தப் பெயர் என்பதிலும் இழுக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை எப்படி விரிப்பது என்று முடிவு செய்து, ஆதாரைச் சரிசெய்து, அதே எழுத்துக்கோப்பில் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் நிரப்புங்கள். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம்ம அரசு போடும் முத்திரை) போதுமா, தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அசல் மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே தொடங்கிவிடுங்கள்.