இன்னோவேஷன் சென்டர் சாவி யாருக்க கையில?

நேத்து மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ டிராபிக்ல மாட்டி நிக்கும்போ எதிர்ல ஒரு காலேஜ் அட்மிஷன் பிளெக்ஸ். பிளேஸ்மென்ட்னு போட்ட காலம் போயி இப்ப இன்னோவேஷன், ஸ்டார்ட்டப், இன்குபேஷன்னு தங்கக் கலர்ல அடிச்சு வச்சிருக்கான். எனக்க அக்கா மக ஞாபகம் வந்து சிரிப்பு வந்துட்டு.

அவ நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலதான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சா (பேரு வேண்டாம், தங்கச்சிக்காரியும் இப்ப அங்கதான் படிக்கா). மூணாம் வருஷம் யுனிவர்சிட்டி இன்னோவேஷன் பெலோஸ்னு ஒரு மாணவர் பயிற்சித் திட்டத்துல அவளும் கூட மூணு பேரும் சேந்தாவ. அமெரிக்காவுல ஸ்டான்போர்டு யுனிவர்சிட்டிக்க டிசைன் பள்ளி, டி.ஸ்கூல்னு சொல்லுவாவ, அது நடத்துனது, 2012-ல அமெரிக்க காலேஜ்களுக்குன்னு தொடங்கி பொறவு இந்தியா வரைக்கும் வந்தது. ஸ்டான்போர்டுன்னு கேட்டதும் அக்கா வீட்டுல விசாவே வந்த கணக்கா பேச்சு. காலேஜ்ல சால்வை, போட்டோ, பேப்பர்ல செய்தி. பிள்ளைய இன்னும் ஒண்ணும் செய்யல, அதுக்குள்ள சால்வை!

ஆனா அந்த டிரெயினிங் எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஆன்லைன்லதான், ஆறு வாரம் போல. எடுத்த எடுப்புல பிசினஸ் ஐடியா சொல்லுன்னு கேக்கல. ஒனக்க காலேஜ சுத்திப் பாரு, ஒரு பிள்ளைக்கு என்னமாம் செஞ்சு பாக்கணும்னு தோணுனா எங்க போவா, யாருட்ட கேப்பா, எந்தக் கதவு தொறந்திருக்கு, இதெல்லாம் விசாரிச்சு ஒரு படமா வரைன்னாவ. இவளுவ நடந்து பாத்தா இன்னோவேஷன் சென்டர்னு போர்டு வச்ச ரூம்ல பூட்டு. உள்ள த்ரீடி பிரிண்டர், மேல பூப்போட்ட துணி. காலேஜுக்குத் தரம் போடுத நாக் கமிட்டி வந்தப்ப தொறந்ததாம். சாவி ஹெச்ஓடி மேசையில, ஹெச்ஓடி மீட்டிங்ல.

அடுத்தது பஸ்ஸு. கிளாஸ் முடியது நாலு மணி, காலேஜ் பஸ் 4.20. நம்ம ஊர்ல குலசேகரம், கருங்கல், கொளச்சல்னு எல்லா மூலையில இருந்தும் வாற பிள்ளைய, அந்த பஸ்ஸ விட்டா மூணு பஸ் மாறணும், பொம்பளப் பிள்ளைன்னா வீட்டுல வேற ஏச்சு. அந்த இருவது நிமிஷத்துல என்னத்த கண்டுபிடிப்பா சொல்லுங்க? 2018-ல மத்திய அரசு காலேஜ்களுக்கு இன்னோவேஷன் கவுன்சில் கொண்டுவந்தது, 2022-ல நம்ம ஸ்டேட்ல நான் முதல்வன்னு திறன் பயிற்சித் திட்டம் வந்தது, எல்லாம் நல்லதுதான். ஆனா 4.20 பஸ்ஸ எந்தத் திட்டமும் தொடல.

இவளுவளும் சும்மா இருக்கல. தேன் பெட்டிக்கு அடியில எடை காட்டுத சென்சார் வைக்கலாம்னு பிளான் போட்டு ஒரு ஞாயித்துக்கிழம எனக்க பைக்குல தேனீ வளக்குத ஒரு மாமாவ பாக்கப் போனா. ரப்பர் இலை கொழுந்து விடுத சமயம், ஜனவரி பெப்ரவரியில, பெட்டியெல்லாம் ரப்பர் தோட்டத்துக்குப் போவும்லா, பூவுல இல்லாம இலைக்காம்புல ஊறுத தேன். அந்த மாமா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "மக்ளே, பெட்டிய ஒரு ஓரம் தூக்கிப் பாத்தாலே எனக்கு எடை தெரியும். எறும்பு ஏறாம இருக்கதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னாரு. ஸ்டாண்டுக் காலுக்குத் தண்ணி வச்ச கிண்ணம்தான் இப்ப வழி, வெயில்ல வத்திப் போவும், தோட்டம் தோட்டமா போயி தண்ணி ஊத்தணும். அவளுக்கு மொகம் சுருங்கிட்டு. வீடு வாறவரைக்கும் பேசல. ராத்திரி பத்து மணிக்கு ஒரு மூடி போட்ட கிண்ணத்தோட படம் வரைஞ்சு வாட்ஸ்அப்ல அனுப்புனா.

மார்த்தாண்டம் தேன்னு நாம பெருமை பேசுதோம்லா, 1920கள்ல ஒய்எம்சிஏ-காரரு ஸ்பென்சர் ஹாட்ச் இங்க கிராமப் பணி மையம் போட்டப்ப பெட்டிய வெளியில வச்சு விவசாயிக்குத் தொட்டுக் காட்டிக் குடுத்தாவ. தேனடைய பிழிஞ்சு நாசமாக்காம, அடை கட்டுன மரச்சட்டத்த உருவி தேன் எடுத்துட்டுத் திருப்பி வைக்கலாம்னு கண்ணால பாத்த பொறவுதான் சனம் நம்புச்சு. இன்னைக்கும் மார்த்தாண்டம் பெட்டின்னே ஒரு வகை இருக்கு. அந்தப் பெட்டிய ஒரு ரூமுக்குள்ள பூட்டி துணி போட்டு மூடியிருந்தா?

கிண்ணத்த அந்த த்ரீடி பிரிண்டர்ல செஞ்சு எடுக்க இவ பதினோரு நாள் சாவிக்கு அலைஞ்சா. கடைசியில ஒரு மேடம் தன் பொறுப்புல தொறந்து குடுத்து, நாலு கிண்ணம் எடுத்தாச்சு, ரெண்டு ஒழுகிச்சு, ரெண்டு இப்பவும் அந்த மாமா தோட்டத்துல நிக்குது. சர்டிபிகேட் அக்கா வீட்டு ஷோகேஸ்ல.

போன வாரம் தங்கச்சிக்காரிட்ட கேட்டேன். சாவி இப்ப லேப் அட்டெண்டர் அண்ணன்ட்ட இருக்காம், கேட்டா உடனே தொறப்பாராம். பஸ்ஸு எத்தன மணிக்குப் பிள்ளேன்னேன். அதே 4.20-தான் மாமான்னா.