‘டெய்லர்’ பலகையின் கீழ் முறுக்கு விற்கிறேன்

போன வாரம் ஒரு பையன் பள்ளிக்கூடச் சிலுவாரை, அதாவது கால்சட்டையை, தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். கால் நீளத்தைக் குறைக்க வேண்டுமாம். உள்ளே இரண்டு அடுப்பில் எண்ணெய் காய்கிறது, மேசை முழுக்க முறுக்குப் பொட்டலம். அவன் வெளியே போய்ப் பலகையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து, "அக்கா, இங்கதானே தைப்பாங்க?" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. பலகையில் அம்மா பெயர், அதற்குப் பக்கத்தில் டெய்லர்.

சரி, இனி கடைப் பெயரை மாற்றிவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தேன்.

மாற்று மாற்று என்று சொந்தக்காரர்கள் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். அப்போது வியாபாரம் படுத்துக் கிடந்தது. மாமா எண் கணிதம் பார்க்கிறவரிடம் கேட்டு, ஒரு எழுத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்து ஒரு பெயரே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வியாபாரம் மந்தமாக இருக்கிறது என்பதற்காகப் பெயரை மாற்றுவது சரியில்லை என்று இப்போதும் சொல்கிறேன். எங்கள் வரிசையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை அப்படி மாற்றியது. அதே சமையல், அதே ஆட்கள்தான், ஆனால் கடை கைமாறிவிட்டது என்று நினைத்துப் பழைய ஆட்கள் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. குழம்பில் குறை இருந்தால் குழம்பைத்தான் பார்க்க வேண்டும்.

என் கதை வேறு. 2020 மார்ச் 18-ல் கொரோனாவால் மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, கல்யாணமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, தைக்கக் கொடுக்க ஆளே இல்லை. அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டில் முறுக்குச் சுட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் போட்டேன், அப்படியே பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குக் கண் பார்வையும் குறைந்துவிட்டது. இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முறுக்குக்காகத்தான் வருகிறார்கள். தொழில் மாறி இத்தனை வருடமாகியும் பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

உள்ளூரில் அது பெரிய தொந்தரவு இல்லை, எல்லோருக்கும் எங்களைத் தெரியும். வெளியூர் ஆட்களிடம்தான் சிக்கல். கிள்ளானிலிருந்து ஒருவர் முப்பது பொட்டலம் கேட்டிருந்தார். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் டெய்லர் என்று பெயர் வந்திருக்கிறது, பணத்தை அனுப்பாமல் போன் போட்டு, "இது சரியான கணக்குதானாம்மா?" என்று கேட்டார். ஏமாற்று வேலை இவ்வளவு நடக்கிற காலத்தில் அவர் கேட்டது நியாயம். அவர் கேட்டார், கேட்காமலேயே விலகிப்போனவர்கள் எத்தனை பேரோ. பொட்டலத்திலும் இதே கதைதான். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி தயாரிப்பவரின் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும், அதனால் முறுக்குப் பொட்டலத்தின் மேலேயே டெய்லர் என்று அச்சடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிலுவாரோடு வந்த பையனுக்கும் சிரமம், முறுக்குக் கேட்ட கிள்ளான்காரருக்கும் சந்தேகம். எனக்கு இதைவிட வேறு அளவுகோல் தெரியவில்லை.

மாமா இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "நம்ம தென்னமரம் தோட்டத்தைப் பாரு, 1917-ல நாட்டுலேயே முதல் தடவையா வியாபாரத்துக்குச் செம்பனை, அதான் எண்ணெய்ப்பனை, போட்டது அங்கதான், நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பேரு தென்னமரம்தானே?" என்றார். அருமையான கேள்வி, ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆனால் தென்னமரத்துக்குத் தேங்காய் வாங்க யாரும் போவதில்லையே. ஊர்ப் பெயர் இடத்தைக் காட்டினால் போதும், கடைப் பெயர் உள்ளே என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சும்மா அம்மா பெயர் மட்டும் இருந்திருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரை 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள், இன்னமும் பெரியவர்கள் வாயில் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். அரசாங்கமே மாற்றிய பெயருக்கே அந்தக் கதி என்றால் என் சின்னக் கடை எந்த மூலைக்கு? அதனால் முழுப் பெயரையும் தூக்கப் போவதில்லை. அம்மா பெயர் அப்படியே இருக்கும், டெய்லர் போய் அந்த இடத்தில் முறுக்கு வரும். முப்பது வருடம் ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்த பெயர் அது, எண் கணிதக்காரர் சொன்னாலும் அதில் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன்.

பெயரை முடிவு செய்ததும் பலகை அடிக்க ஓடாதீர்கள், நானும் ஓடத்தான் பார்த்தேன். வியாபாரங்களைப் பதிகிற எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லையாம். வணிக முத்திரை என்பது தனிப் பதிவு, ஒரு தடவை பதிந்தால் 10 வருடம், நாம் ஆசைப்பட்ட பெயரை வேறு யாராவது முன்பே முத்திரையாகப் பதிந்திருந்தால் வம்பு நமக்குத்தான். அதை முதலில் தேடிப் பாருங்கள். பிறகு எஸ்எஸ்எம், பிறகு வங்கியும் கியூஆரும். பலகைக்கு நகராண்மைக் கழக லைசென்ஸ் தனி, மலாய் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா சரிபார்க்க வேண்டும். பலகைக்காரருக்குக் காசு கொடுப்பது கடைசியில்தான்.

காலமும் முக்கியம். புரட்டாசியிலேயே தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கிவிடும், அந்த நேரத்தில் பெயரை மாற்றினால் பழைய ஆட்கள் தேடி அலைவார்கள். கையில் இருக்கிற லேபிள் தீபாவளியோடு தீர்ந்துவிடும். தை பிறந்ததும் புதுப் பலகை, அதன் அடியில் ஒரு வருடத்துக்கு "முன்பு டெய்லர்" என்று சின்னதாக ஒரு வரி.

அந்தப் பையனின் சிலுவாரை அம்மாதான் வாங்கி மடித்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தையல் மெஷின் பின்னறையில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் வந்தால் சின்ன வேலைகளுக்கு அம்மா இருப்பார்.